மூட மறந்த விசை

கல்யாணமான பெண்ணின் காதில் எந்நேரமும் அடுப்படிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். அதனால் டெலிபோன் சத்தம் அந்தக் காதில் சரியாக விழாதாம். எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேரும் பெண்களிடம் மேனேஜர் இதைப் பூமி உருண்டை என்று சொல்வதுபோல அவ்வளவு நிச்சயமாகச் சொல்வார். ஆகவே விதி இதுதான்: கல்யாணம் நடந்த அன்றே வேலையும் முடிந்தது.

மேனேஜருக்கு மனைவி உண்டு, வரிசையாகப் பிள்ளைகள் உண்டு. அவர் காதுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கம்பம் ஏறும் லைன்மேன்களில் முக்கால்வாசிப் பேர் குடும்பஸ்தர்கள். அந்த உயரத்தில் கவனம் சிதறினால் உயிரே போய்விடும்; ஆனாலும் அவர்களிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. "பெண்கள் விஷயத்துல அது இயற்கை" என்பார் மேனேஜர். இயற்கை இதுவரை எந்த அலுவலகத்துக்கும் விதி எழுதிக் கொடுத்ததில்லை. பழையவள் கல்யாணம் என்று போய்விட்டால் அந்த நாற்காலியில் குறைந்த சம்பளத்துக்குப் புதியவளை உட்கார வைக்கலாம் என்று கணக்குப் போட்ட ஆண்கள் எழுதியது அது.

வட்டைச் சுழற்றி எண் போடும் டெலிபோன் அந்த ஊருக்கு வராத காலம். யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் கயிற்றை எடுத்துத் துளையில் செருகினால்தான் பேச்சு நடக்கும். நீளமான அறை, சுவர் முழுக்கத் துளைகள் கொண்ட பலகை, அதன் முன்னே உயரமான நாற்காலிகள். தலையில் ஹெட்போன், மார்பின்மேல் கொம்புபோல் வளைந்து நிற்கும் பேசுகருவி. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு விசை உண்டு. அதை முன்னால் தள்ளினால் ஆபரேட்டர் பேசுவது அந்த லைனில் கேட்கும். நடுவுக்குக் கொண்டுவந்தால் அவள் வேறு, லைன் வேறு.

மூன்றாவது நாற்காலிக்காரிக்கு வெண்கலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். குரல் அப்படி. கூட்டத்தில் நின்று மெதுவாகப் பேசினால்கூடத் தெருக்கோடியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். வீட்டில் பக்கவாதத்தில் படுத்த அப்பா, நர்ஸ் படிப்பில் சேர்ந்த தங்கை, இருவருக்கும் இவள் சம்பளம்தான் சோறு. அதனால் கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை எல்லாம் அவள் வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த லைன்மேனைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. அவன் வாசல் வழியாக வரவில்லை.

"லைன் டெஸ்ட்டுங்க. கேக்குதா?"

"கேக்குது. ஊருக்கே கேக்குது. ஏன் இப்படிக் கத்துறீங்க?"

"கம்பத்து மேல பயங்கரக் காத்தும்மா."

"காத்து உங்க பக்கம்தானே அடிக்குது. என் காது என்ன பாவம் பண்ணுச்சு?"

மறுநாளிலிருந்து குரல் தணிந்தது. ஆனால் நன்றாக இருந்த லைன்களெல்லாம் அடிக்கடி பழுதாகத் தொடங்கின. அவன் கம்பத்தில் ஏறி, இடுப்பில் தொங்கும் கைக்கருவியைக் கம்பியில் மாட்டி, மூன்றாவது நாற்காலியைத்தான் கூப்பிடுவான். எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே இருந்த கம்பத்தில் ஒரு வாரம் விடாமல் ஏறி இறங்கினான்.

"அதுல என்னங்க ரிப்பேர்?" என்று அவள் கேட்டாள்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்ல. அங்கிருந்து பார்த்தா உங்க ஜன்னல் தெரியுது."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். குரலை மட்டும் கேட்டுட்டுத் துணிஞ்சு இறங்கினது வீண்போகல."

கல்யாணத்துக்குத் தங்கையும், அவனோடு வேலை பார்க்கும் லாரி டிரைவரும் சாட்சி. பதிவு அலுவலகத்தில் நாள் பார்க்கவில்லை, நட்சத்திரம் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளைதான் முகூர்த்தம். கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் நேராகப் பலகை முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். தங்கை படிப்பை முடிக்கும் வரை அவள் அப்பா வீட்டிலும் அவன் தன் வாடகை அறையிலும் இருப்பது என்று ஏற்பாடு. வாரத்தில் ஒரு நாள் சினிமாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. "எங்கக்கா புருஷனைப் பார்க்க டிக்கெட் வாங்கணும்" என்று தங்கை கிண்டலடிப்பாள்.

இப்படியே ஓடியிருக்கும். ஒரு நாள் மதியம் அவன் லைனில் வந்தான். "ஒரு நிமிஷம் அப்படியே இரு. இந்தக் கம்பியை இழுத்துக் கட்டிட்டு வர்றேன்" என்றான். அவள் விசையைத் தள்ளியபடி காத்திருந்தாள். அப்போது தோளில் ஒரு கை விழுந்தது. சூப்பர்வைசர். மூக்குநுனிக் கண்ணாடிக்காக அவரைக் கண்ணாடியம்மா என்பார்கள். வெண்கலம் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் திரும்பினாள். விசையை நடுவுக்குக் கொண்டுவர மறந்துவிட்டாள். பேசுகருவி மார்பின்மேல் அப்படியே நின்றது. பேசாத நேரத்தில் விசையை மூடு என்பது ஆபரேட்டர் வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருகிற பாடம்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாமே?"

"யாருக்குங்க? எனக்கா?"

"அந்த லைன்மேனோட. பதிவு ஆபீஸ் படியில உங்களைப் பார்த்தவங்க இருக்காங்க. ஆமாவா இல்லையா, இப்பவே சொல்லு. நான் மேனேஜர்கிட்ட பதில் சொல்லணும்."

வரிசை முழுவதும் தலைகள் திரும்பின. வெண்கலத்துக்கு அப்பாவின் கோணிய வாய் கண்முன் வந்தது. தங்கையின் வெள்ளைச் சீருடை வந்தது. வெறுமனே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள் என்றும் புத்தி சொன்னது.

"அந்தாளா!" என்று அவள் சிரித்தாள். "காக்கா மாதிரி கம்பத்துல உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் கழுத்தை நீட்ட எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? தங்கச்சிக்குச் சான்றிதழ் எடுக்கப் போனேன், அந்தாள் அங்க நின்னான். அந்த ஆள் எனக்கு யாருமே இல்லைங்க."

அறையே சிரித்தது. கண்ணாடியம்மாவும் சிரித்துவிட்டு நகர்ந்தார். வெண்கலம் பெருமூச்சு விட்டுப் பலகைப் பக்கம் திரும்பினாள். அவள் கயிற்றுக்கு நேரே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்முனையில் இருப்பவர் கருவியைக் கழற்றிவிட்டால் எரிகிற விளக்கு. கீழே விசை முன்னால் தள்ளியபடியே இருந்தது.

அன்று மாலை அவன் அறைக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. மறுநாள் போனாள், அடுத்த நாளும் போனாள். கடைசியில் லாரி டிரைவர்தான் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"மலை லைனுக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான்மா. அங்க போக யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அதனால உடனே குடுத்துட்டாங்க."

"என்கிட்ட சொல்லச் சொல்லி எதுவும்..."

"உங்க வேலை பத்திரமா இருக்கட்டும்னு சொல்லச் சொன்னான்."

அதை வாழ்த்து என்று எடுத்துக்கொள்வதா, கன்னத்தில் அறை என்று எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தங்கை அழுதாள். "என்னாலதானே? நான் படிப்பை விட்டுடறேன்க்கா. நீ போய் உண்மையைச் சொல்லிட்டு அவரோட இரு."

"படிப்பை விட்டே, காலை உடைச்சிடுவேன். ரெண்டு பேரு வாழ்க்கையைக் குடுத்து வாங்கின படிப்பு அது."

வருஷங்கள் போயின. தங்கை நர்ஸ் ஆனாள். அப்பா போய்ச் சேர்ந்தார். கண்ணாடியம்மா ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி வெண்கலத்துக்கு வந்தது. பதவி கொடுத்த அன்று மேனேஜர் எல்லாப் பெண்களையும் கூட்டி வைத்து, "இவங்களைப் பாருங்க. வேலையையே கட்டிக்கிட்டவங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். வேறு என்ன செய்வது?

மலைக்குப் போய் அவனைப் பார்க்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. முதலில் தங்கை படிப்பு முடியட்டும் என்றிருந்தாள். பிறகு அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்றிருந்தாள். அதற்கும் பிறகு சொல்வதற்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. பயம் மட்டும் மிஞ்சியது. இவ்வளவு நாள் கழித்து என்ன முகத்தோடு போய் நிற்பது?

ஆனால் சூப்பர்வைசருக்கு ஒரு வசதி இருந்தது. எந்த லைனில் வேண்டுமானாலும் தன் கயிற்றைச் செருகி, ஆபரேட்டர் சரியாகப் பேசுகிறாளா என்று கேட்கலாம். மலை லைனை ஒவ்வொரு காலையும் பரிசோதிக்க வேண்டும். மேலேயிருந்து ஒரு குரல், "மலை டெஸ்ட். கேக்குதா?" என்று கேட்கும். இங்கே யாராவது ஒரு பெண், "கேக்குது" என்பாள். "சரி" என்று அந்தக் குரல் போய்விடும். வெண்கலம் தினமும் அந்த நேரத்துக்குத் தன் கயிற்றைச் செருகிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கேட்பாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. சில குளிர் நாட்களில் இருமல் இருந்தது. அவளுக்குக் கிடைத்த குடித்தனம் அவ்வளவுதான். ஒரு திருடியைப்போல அதைச் செய்தாள். திருடியிருந்தாலும் தன் சொந்தப் பொருளைத்தானே திருடினாள்!

அப்படி ஒரு காலையில், பலகை முன்னால் சிட்டு மயங்கி விழுந்தாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. துறுதுறுப்புக்காக எல்லோரும் வைத்த பெயர். தண்ணீர் தெளித்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். என்ன விஷயம் என்று அங்கிருந்த பெண்களுக்கெல்லாம் புரிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. தெருவில் ஒரு பஸ் கண்டக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தினமும் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறவன். அண்ணன் என்று சொல்லியிருந்தாள்.

மேனேஜர் வந்துவிட்டார். "சூப்பர்வைசர், விசாரிங்க. எல்லார் முன்னாலயும் விசாரிங்க. மத்தவங்களுக்கும் புத்தி வரட்டும்."

வெண்கலம் சிட்டுவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். தான் நிற்கும் இடம் எது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. கேட்காமலேயே சிட்டு பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"வெளியில நிக்கிறாரே அவரைச் சொல்றீங்களா? ஐயோ, அந்த ஆள் எனக்கு யாரும்..."

வெண்கலத்தின் கை அவள் வாயைப் பொத்தியது.

"சொல்லாதே. அது வாயிலேர்ந்து வர ஒரு நொடி போதும். திரும்ப எடுக்கிறது ரொம்ப கஷ்டம்."

"என்ன இது?" என்றார் மேனேஜர்.

"சார், அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. எனக்கும்தான் ஆயிடுச்சு. நீங்க இந்த நாற்காலியை எனக்குக் குடுக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆயிடுச்சு."

"விளையாட்டுக்கு இது நேரமில்ல."

"நான் விளையாடல. மலை லைன் பார்க்கிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். அவர் எனக்கு யாருமில்லைன்னு இதே அறையில சொன்னேன். பொய் சொன்னேன். இப்ப நீங்க சொல்லுங்க சார், இத்தனை வருஷமா என் வேலையில என்ன குறை கண்டீங்க? கல்யாணமானவளோட காதுதான் இந்த ஊருக்கு வேலை செஞ்சிருக்கு. எந்தப் பேச்சு சரியா விழல?"

எப்போதும் தூங்கி வழிகிற முதல் நாற்காலிக்காரி எழுந்து நின்றாள். "எனக்கும் ஆயிடுச்சு சார். மாமியாருக்கு மட்டும் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது." பின்வரிசையில் இன்னொருத்தி எழுந்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர், "எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று கத்திவிட்டு, சூப்பர்வைசரையும் சிட்டுவையும் மட்டும் அப்போதே வெளியே போகச் சொன்னார்.

அவர்கள் இருவரும் படியிறங்கியபோது மேலே கயிறுகள் ஒவ்வொன்றாகப் பலகையிலிருந்து பிடுங்கப்படும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி லைனையும் தீயணைப்பு லைனையும் மட்டும் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மற்ற எதற்கும் யாரும் கையைத் தூக்கவில்லை. மொத்த வியாபாரிகள் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கே வந்து சத்தம் போட்டார்கள். மேனேஜரின் மனைவி தன் அக்காவோடு பேச முடியாத கோபத்தில் நேரிலேயே வந்து இறங்கியதாகப் பின்னால் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வெண்கலம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த தங்கை செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஊருக்கே சொல்லிட்டியாமே?"

"சொல்லிட்டேன்."

"அவருக்குச் சொன்னியா?"

வெண்கலம் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"மேனேஜருக்குப் பயப்படல, ஊருக்குப் பயப்படல, மாமாவுக்கு மட்டும் பயமா? மலைக்குப் பஸ் இருக்கு, உனக்குக் கால் இருக்கு. கிளம்பு."

"போன்ல முதல்ல..."

"போன்ல பேசித்தான் இந்தக் கதி. நேர்ல போய் முகத்தைக் காட்டு."

மலைப் பஸ் முக்கி முனகி ஏறியது. இறங்கிய இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, சுற்றிலும் சுருள் சுருளாகக் கம்பி. அவன் தரையில் உட்கார்ந்து, கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ்களில் உடைந்தவற்றைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். முன்வழுக்கை விழுந்திருந்தது. கையிலிருந்த குமிழைக் கீழே வைக்க வேண்டும் என்று தோன்றாமல் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"உட்காரு" என்றான் கடைசியில். "பஸ்ல வந்தா தலை சுத்தும்."

அவள் ஒரு கம்பிச் சுருளின்மேல் உட்கார்ந்தாள். வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் அகப்படவில்லை. எக்ஸ்சேஞ்சில் நடந்ததை மட்டும் சொன்னாள். பிறகு, "அன்னைக்கு வேலைக்குப் பயந்து சொன்னேன். அது தப்பு. அதுக்கப்புறம் இத்தனை நாள் உங்களைத் தேடி வராம இருந்தது அதைவிடத் தப்பு" என்றாள்.

"நீ வேலைக்காகத்தான் சொன்னேன்னு எனக்குத் தெரியும். கம்பத்துல இருந்து கீழே இறங்கறதுக்குள்ளேயே தெரிஞ்சுபோச்சு." குமிழைக் கையில் உருட்டினான். "அந்தச் சிரிப்புதான். எத்தனையோ பேர் என்னைக் காக்கான்னு கூப்பிட்டிருக்காங்க. நீ சொல்லி எல்லாரும் சிரிச்சது இருக்கே."

"நான்தான் முதல்ல சிரிச்சேன்."

"ஆமா."

அவள் அதை மறுக்கவில்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை. காற்று தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.

"நானும் யோக்கியன் இல்ல" என்றான் அவன். "ஒரு தடவை உன்னைக் கேட்டிருக்கலாம். அவமானம் தாங்காம உன் தலையில எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்தேன். அங்க உங்கப்பா, தங்கச்சி, அந்த விதி, எல்லாத்தோடயும் நீ ஒருத்தியே மல்லுக்கு நின்னே. வேலை பத்திரமா இருக்கட்டும்னு பெரிய மனுஷன் மாதிரி சொல்லி அனுப்பினேனே, அதை நினைச்சா இப்பவும் கூசுது."

"உங்க குரலைத் தினமும் கேப்பேன்" என்றாள் அவள் தலையைக் குனிந்துகொண்டு. "காலையில, டெஸ்ட் பண்றப்ப."

"தெரியும்."

"எப்படி?"

"நடுவுல ஒருத்தர் கயிறு செருகினா லைன்ல சத்தம் கொஞ்சம் இறங்கும். லைன்மேனுக்கு அதுகூடத் தெரியாதா? தினமும் என் நேரத்துக்கு மட்டும் இறங்குச்சு."

"தெரிஞ்சும் ஏன் பேசல?"

"பேசியிருந்தா நீ பயந்து காதை எடுத்திருப்பே."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து விக்கலாக முடிந்தது. அவன் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.

"வேலை போயிடுமா?"

"போனாலும் போகும். போகலைன்னா நான் விடமாட்டேன். உங்களோட இருக்கிறதுக்காக வேலையை விடவும் மாட்டேன், வேலைக்காக இன்னொரு தடவை உங்களை ஒளிக்கவும் மாட்டேன். இதுக்கு ஒத்துவந்தா சொல்லுங்க."

"அப்ப நான்தான் கீழே வரணும்."

"ஆமா."

"குளிர் பழகிப்போச்சு. கீழே வேர்க்குமே" என்றான். அப்புறம்தான் அவன் முகத்தில் சிரிப்பு மெல்ல விரிந்தது.

மேலிடத்திலிருந்து ஆள் வந்து விசாரித்து, விதியை "தற்காலிகமாக" நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்கள். தப்பு என்று ஒத்துக்கொள்ள மனமில்லாதவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் சொல் அது. சிட்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் பதவியைத் திருப்பித் தர மேனேஜர் இழுத்தடித்தார். பெண்கள் மறுபடி கயிறுகளை ஒரு மாதிரியாகப் பார்க்கவும் தந்துவிட்டார். பிரசவத்துக்கு விடுப்பு வேண்டும் என்று வெண்கலம் அடுத்த சண்டையை அந்த வாரமே தொடங்கினாள்.

அவனுக்கு மாற்றல் கிடைக்க இன்னும் சில மாதங்கள் ஆயின. எக்ஸ்சேஞ்சுக்குப் பின் தெருவில் இரண்டு அறை வீடு பிடித்தார்கள். நரை விழுந்த இருவரும் ஒரு பாயை இருபக்கமும் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்து, கீழ்வீட்டுக்காரி, "புதுசா குடித்தனமா?" என்று கேட்டாள். "பழசு. இப்பத்தான் ஆரம்பிக்கிறோம்" என்றாள் வெண்கலம். அந்தக் குரலுக்கு அடுத்த தெரு ஜன்னல்கூடத் திறந்தது.

எல்லாம் சுகம் என்று சொல்லிவிட முடியாது. சாப்பிட்டுக்கொண்டே இருக்கையில் சில நாள் அவன் பேச்சு நின்றுவிடும். யாராவது எங்காவது சிரித்திருப்பார்கள். அவளுக்குப் புரிந்துவிடும். கண்டும் காணாமல் இருக்க மாட்டாள். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "நான் அன்னைக்குப் பண்ணது தப்புதாங்க" என்று மறுபடி சொல்வாள்.

"சோறு ஆறுது, சாப்பிடு" என்பான். கொஞ்ச நேரம் கழித்து, தன் தட்டிலிருப்பதில் நல்ல பங்கை அவள் தட்டுக்கு நகர்த்துவான்.